பூக்காத கீரை



டிப்ளமோ படிக்கிறவன் கீரையைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். கடைசி வரை படித்துப் பாருங்கள். இது ஒர்க்‌ஷாப் பாடம்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். பெரணிச் செடியை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? ஊட்டியில், கொடைக்கானலில், குற்றாலத்தில், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டு வராந்தாத் தொட்டியில் என்று சொல்வீர்கள். விளாத்திகுளத்தில் என்று ஒருவரும் சொல்லமாட்டீர்கள். எங்க ஊர் கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி விளையும் மண். சித்திரை வெயிலில் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட வெறும் மணல் கிடக்கும் நாட்களே அதிகம். குளிரும் ஈரமும் கேட்கிற பெரணிக்கு இந்த ஊரில் என்ன வேலை?

வேலை இருக்கிறது நண்பர்களே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பி, தை மாதம் தண்ணீர் கொஞ்சம் உள்வாங்கும்போது, கரையோரச் சேற்றில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு செடி படரும். ஒல்லியான காம்பு. அதன் நுனியில் நாலே நாலு இலை. ஆரைக்கீரை என்பார்கள். நீராரை என்றும் சொல்வதுண்டு. தாவரவியலில் இதன் பெயர் மார்சீலியா. பார்ப்பதற்குக் கீரை, சட்டியில் போட்டால் கீரை, ஆனால் பிறப்பால் இது சுத்தமான பெரணி!

பெரணி என்றால் என்ன?

பெரணிகள் மிகப் பழைய குடும்பம். பூக்கும் செடிகள் பூமிக்கு வந்து சுமார் 13 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. பெரணி இனமோ 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பூ இல்லை, மகரந்தம் இல்லை, விதையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூளாக இருக்கும் வித்துகள் மூலம்தான் இனம் பெருகும். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவற்றை 'ஸ்போர்' என்று படித்திருக்கிறோம்.

பெரணியைக் கண்டுபிடிக்க இன்னொரு சுலபமான அடையாளம் உண்டு. இளந்தளிர் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்து, பிறகு மெல்ல மெல்லப் பிரியும். ஆரைக்கீரையின் தளிரைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். அதே சுருள் இருக்கும். மழைக்காட்டு மரப்பெரணிக்கும் நம் கண்மாய்க்கரைக் கீரைக்கும் ரத்த சம்பந்தம் உண்டு என்பதற்கு அந்தச் சுருளே சாட்சி.

மார்சீலியா என்ற பெயர் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி என்ற இத்தாலியரின் நினைவாக வைக்கப்பட்டது. 1658 முதல் 1730 வரை வாழ்ந்தவர். போர்வீரராக இருந்து விஞ்ஞானி ஆனவர். கடலின் இயற்கையைப் பற்றி 1725ல் தனி நூல் எழுதியவர். கடற்கரை மாவட்டத்தில் பிறந்த நமக்கு அவர் ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்தான்!

நாலா, மூணா?

இதைப் புளியாரையோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வேறுபாடு மிகவும் எளிது. புளியாரைக்கு இலை மூன்று, ஒவ்வொன்றும் இதய வடிவில் இருக்கும், தின்றால் புளிக்கும், மஞ்சள் பூ பூக்கும். ஆரைக்கு இலை நான்கு, ஒவ்வொன்றும் விசிறி வடிவம், புளிக்காது, எத்தனை நாள் காத்திருந்தாலும் பூக்காது. பூ தெரிந்தால் அது ஆரை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோட்டை நாம் ஆரம் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதையே ஆரை என்று எழுதுவார்கள். காம்பு நுனியை மையமாக வைத்து நாலு பக்கமும் இலை பிரிந்து நிற்கும் இந்தச் செடியைப் பார்க்கும்போது, இஞ்சினியரிங் டிராயிங்கில் ஒரு வட்டத்தை நாலாகப் பிரித்து வைத்த மாதிரியே இருக்கும்.

தண்ணீர் இருக்கும்போது இலை மிதக்கும். தண்ணீர் வற்றினால் காம்பு விறைத்து நிமிர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் நாலு இலையும் ஒன்றோடொன்று கைகூப்பி மூடிக்கொள்ளும். விடிந்ததும் திறக்கும்.

சேற்றுக்குள் ஒரு சின்ன இயந்திரம்

இனிமேல்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கண்மாய் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, ஆடு மாடு மிதித்து, வருடக்கணக்கில் மழை பெய்யாமல் போனாலும் ஆரை அழிவதில்லை. எப்படி?

காம்பின் அடிப்பக்கத்தில் மொச்சையைச் சிறிதாக்கியது போல ஒரு காய் இருக்கும். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். உண்மையில் அது காயும் அல்ல, விதையும் அல்ல. வித்துகளை உள்ளே வைத்துப் பூட்டிய ஒரு பெட்டி. ஓடு அவ்வளவு கெட்டி. காய்ந்த நிலையில் பல பத்தாண்டுகள் கிடந்தாலும் உள்ளே உயிர் இருக்கும்.

ஓடு தேய்ந்தோ கீறல் விழுந்தோ உள்ளே தண்ணீர் புகுந்தால்தான் பெட்டி திறக்கும். உள்ளே சுருட்டி வைத்த ஒரு பசை வளையம் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது உப்பி, நீண்டு, புழு மாதிரி வெளியே வரும். காயின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளும். வரும்போதே வித்துப் பைகளையும் வரிசையாக இழுத்துக்கொண்டு வரும். மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை, வால்வு இல்லை. தண்ணீரை உறிஞ்சி உப்புவது ஒன்றே அதற்கு விசை!

வெளியே வந்த வித்துகளில் ஆண் பெண் என இரண்டு வகை உண்டு. அவை வளர்ந்து சேர்வதெல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும். ஏன் இத்தனை அவசரம்? கரிசல் காட்டுக் கண்மாயில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்! கிடைத்த தண்ணீருக்குள் வேலையை முடித்துக்கொள்ளும் புத்திசாலித்தனம் அது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். காய்ந்த கண்மாய்ச் சேற்றிலிருந்து நாலைந்து காய் பொறுக்கி வாருங்கள். ஃபிட்டிங் செக்‌ஷனில் இருக்கும் மெல்லிய அரத்தால் ஓட்டின் ஓரத்தை லேசாக ராவுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பசை வளையம் எட்டிப் பார்க்கும். ராவாத காய் ஒன்றையும் கூடவே போட்டு வைத்தால், கீறல் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

கண்மாயிலிருந்து சட்டிக்கு

எங்க வீட்டில் ஆரைக்கீரை என்றால் அப்பத்தாதான் அதிகாரி. அவர்கள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கீரை விஷயத்தில் அவர்கள் போடும் சட்டங்களை நம் பாணியில் ஒரு ஆபரேஷன் ஷீட்டாக எழுதினால் இப்படி வரும்:

1. நல்ல தண்ணீர் நிற்கும் கண்மாயில் மட்டும் பறிக்கவேண்டும். சாக்கடை சேரும் குட்டைப் பக்கம் போகக்கூடாது.

2. இளசாகப் பார்த்து இலையையும் பிஞ்சுக் காம்பையும் கிள்ளவேண்டும். வேரோடு இழுக்கக்கூடாது. காயைத் தொடவேண்டாம்.

3. நாலைந்து தண்ணீரில் அலசவேண்டும். கடைசித் தண்ணீரில் மண் தங்கக்கூடாது.

4. பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வத்தல் போட்டு, பருப்போடு சேர்த்துக் கீரையை நன்றாக வேகவைக்கவேண்டும். பிறகு மத்துப் போட்டுக் கடையவேண்டும்.

5. கம்மஞ்சோற்றுக்கோ சோளச் சோற்றுக்கோ தொட்டுக்கொள்ளலாம். தினமும் வேண்டாம்.

6. கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு இந்தக் கீரை போடக்கூடாது.

"ஏன் அப்பத்தா, பச்சையாத் தின்னா என்ன?" என்று கேட்டால், "கீரைன்னா வேகணும்யா. வேகாததைத் திங்கிறதுக்கு நீ என்ன ஆடா?" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. கண்மாய்ச் சேற்றில் சறுக்காமல் நடப்பது எப்படி என்று கேட்டால் கூட இதே மாதிரிதான் பதில் வரும்!

ஆனால் அந்தச் சட்டங்களுக்கெல்லாம் விளக்கம் இருக்கிறது. நீரில் வளரும் செடிகள் தண்ணீரில் கலந்திருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழிவுநீர் சேரும் குட்டை ஏன் ஆகாது என்பதற்கு அதுவே காரணம். வேரோடு இழுக்காவிட்டால் தரையடித் தண்டு மறுபடியும் துளிர்க்கும். நீர்ச்செடிகளைப் பச்சையாகத் தின்றால் ஒட்டுண்ணிப் புழுக்கள் வயிற்றுக்குள் போகலாம். ஆறாவது சட்டத்தைத் தமிழ் மூலிகை நூல்களும் சொல்கின்றன. ஆரைக்கீரையைச் சமைத்து உண்டால் தாய்ப்பால் சுரப்பு நிற்கும் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. உலர்த்திய இலைத் தூளைக் காய்ச்சி, பாலும் பனங்கற்கண்டும் சேர்த்து, அதிக தாகத்துக்கும் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் கொடுக்கும் முறையும் அந்த நூல்களில் உண்டு. வைத்தியத்துக்கு வைத்தியரிடம்தான் போகவேண்டும். நான் இங்கே சொல்ல வந்தது, செடியோடு கூடவே நிபந்தனையும் வருகிறது என்பதைத்தான்.

இந்தக் கீரை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. வங்காளத்தில் இதற்கு சுஷ்னி என்று பெயர். தூக்கம் வராதவர்களுக்கு நல்லது என்று அங்கே நம்புகிறார்கள். காளி பூஜைக்கு முந்தின நாள் பதினாலு வகைக் கீரை சேர்த்துச் சமைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்தப் பதினாலில் சுஷ்னியும் ஒன்று.

ஹவாய்த் தீவின் ஹாப்பூ

பெரணியை மனிதன் பயன்படுத்திய கதையைப் பேசினால் ஹவாய்த் தீவுகளைச் சொல்லாமல் விட முடியாது. பசிபிக் கடலின் நடுவே, எரிமலைச் சரிவுகளில் இருக்கும் மழைக்காடுகளில் ஹாப்பூ என்ற மரப்பெரணி வளர்கிறது. நம் ஆரை விரல் நீளம் என்றால் ஹாப்பூ இரண்டு, மூன்று ஆள் உயரம். ஓகியா என்ற பெரிய மரங்களின் நிழலில் குடை விரித்த மாதிரி நிற்கும். வளர்ச்சியோ மிகவும் மெதுவு. ஆண்டுக்குச் சில அங்குலம்தான்.

அந்தத் தீவின் ஆதிக்குடிகள் ஹாப்பூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள். சுருண்ட இளந்தளிரைச் சமைத்துத் தின்றார்கள். தண்டின் நடுவில் மாவுச்சத்து உண்டு. விளைச்சல் பொய்த்த காலத்தில் தண்டைச் சீவி, மண்ணடுப்பிலோ எரிமலை ஆவி வரும் பிளவிலோ வைத்து வேகவைத்துச் சாப்பிட்டார்கள். தளிரின் அடியில் பொன்னிறத்தில் பட்டு மாதிரி ரோமம் இருக்கும். அதற்குப் பூலு என்று பெயர். காயத்தின் மேல் வைத்துக் கட்டினார்கள். இறந்தவர் உடலைப் பதப்படுத்தவும் பயன்படுத்தினார்கள்.

இப்படித் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த வரைக்கும் காடும் இருந்தது, பெரணியும் இருந்தது. 1850களில் வியாபாரிகள் வந்தார்கள். பூலுவை மூட்டை மூட்டையாகக் கட்டி, தலையணைக்கும் மெத்தைக்கும் அடைக்க கலிபோர்னியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சீக்கிரம் ரோமம் எடுக்கவேண்டும் என்று மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். நூறு ஆண்டில் வளர்ந்தது ஒரு மணி நேரத்தில் விழுந்தது. அப்படி அடைத்த மெத்தையாவது உழைத்ததா? அதுவும் இல்லை. சில ஆண்டுகளில் பூலு பொடிந்து தூளாகிவிடும். 1880களில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. காயத்துக்குக் கட்டும் பஞ்சாக இருந்தவரை அது நல்ல பொருள். மெத்தைக்குள் போனதும் குப்பை. பொருள் அதேதான். பயன்பாட்டின் எல்லை தெரியாமல் போனதுதான் வித்தியாசம்.

இதே பாடம் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. கொல்லிமலை, ஏற்காடு பக்கம் போனவர்கள் முடவாட்டுக்கால் என்ற கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு ரோமம் மூடி, அச்சு அசல் ஆட்டுக்கால் மாதிரி இருக்கும். அதில் சூப் வைத்துக் குடித்தால் மூட்டுவலிக்கு நல்லது என்று விற்பார்கள். அதுவும் பெரணிதான். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மலைவாசிகள் தங்கள் வீட்டுக்கு எடுப்பது வேறு. வருகிற சுற்றுலாப் பயணிகள் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பது வேறு.

வயிறு நிறைந்தும் செத்தவர்கள்

இப்போது நம் ஆரைக்கே திரும்புவோம். ஆரையின் கூடப்பிறந்த செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. பெயர் நார்டூ. அதே நாலு இலை, அதே கெட்டிக் காய். வறண்ட உள்நாட்டில், மழை வெள்ளம் வந்து வற்றிய பள்ளங்களில் முளைக்கும். அங்குள்ள ஆதிவாசிகள் இலையை விட்டுவிட்டு, காயைத்தான் உணவாக்கினார்கள்.

1860 ஆகஸ்ட் 20ம் தேதி மெல்பர்ன் நகரிலிருந்து ஒரு பயணக்குழு புறப்பட்டது. ராபர்ட் ஓ'ஹாரா பர்க் தலைவர். வில்லியம் ஜான் வில்ஸ் அவருக்குத் துணை. ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே குறுக்காகக் கடப்பது நோக்கம். பாலைவனப் பயணம் என்பதால் அன்றைய இந்தியாவின் கராச்சி துறைமுகத்திலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுபோயிருந்தார்கள். பர்க், வில்ஸ், கிங், கிரே என்ற நால்வர் 1861 பிப்ரவரியில் வட கடலோரம் வரை போய்விட்டார்கள். திரும்பும் வழியில் கிரே இறந்துபோனார். மற்ற மூவரும் ஏப்ரல் 21ம் தேதி மாலை கூப்பர் ஓடைக்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக நான்கு மாதம் காத்திருந்த முகாம்காரர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள்!

கையிருப்பு தீர்ந்தது. அந்தப் பகுதி ஆதிவாசிகளான யாண்ட்ருவாண்டா மக்கள் மீனும் நார்டூ மாவில் செய்த உணவும் கொடுத்து உதவினார்கள். பர்க் அவர்களோடு இணக்கமாகப் போகவில்லை. அவர்கள் விலகிப் போனதும் மூவரும் தாங்களே நார்டூக் காயைப் பொறுக்கி, இடித்து, மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிறைந்தது. பசியும் அடங்கியது. ஆனால் நாளுக்கு நாள் கை கால் சோர்ந்தது. பசியைப் பொறுத்தவரை இந்த உணவில் குறையே இல்லை, உடம்பைத்தான் அசைக்க முடியவில்லை என்ற பொருளில் வில்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1861 ஜூன் கடைசி வாக்கில் வில்ஸும் பர்க்கும் இறந்தார்கள். கிங் மட்டும் யாண்ட்ருவாண்டா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டார். செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டார்கள்.

அதே ஓடைக்கரை. அதே நார்டூ. ஒரு பக்கம் சாவு, இன்னொரு பக்கம் வாழ்வு. காரணம் என்ன?

1994ல் எர்ல், மெக்கிளியரி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. அது நம் உடம்புக்கு அவசியமான தயமின் என்ற வைட்டமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, அழித்துவிடும். தயமின் குறைந்தால் பெரிபெரி நோய் வரும். கை கால் விளங்காது, இதயம் தளரும். பர்க்கும் வில்ஸும் இப்படித்தான் பலம் இழந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பட்டினியும் மற்றச் சத்துக் குறைவுகளும் கூடச் சேர்ந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

ஆதிவாசிகள் என்ன செய்தார்கள்? காயை முதலில் சூட்டில் வறுத்தார்கள். பிறகு கல்லில் தண்ணீர் விட்டு விட்டு அரைத்தார்கள். நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்த்த கூழாக்கினார்கள். வறுப்பதால் நொதியின் வீரியம் குறைகிறது. தண்ணீர் அதிகமானால் மிச்சமிருக்கும் நொதி வேலை செய்யும் வேகமும் குறைகிறது. பயணக்காரர்கள் 'காயை இடித்தால் மாவு வரும்' என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த படிகள் அவர்கள் கண்ணில் படவில்லை. நொதி லேசான சூட்டுக்கு அடங்கவும் இல்லை.

நம் ஆரையும் அதே மார்சீலியா இனம். "கீரைன்னா வேகணும்", "தினமும் வேண்டாம்", "காயைத் தொடாதே" என்ற சட்டங்களை இப்போது மறுபடியும் படித்துப் பாருங்கள். கூடப் போடும் பாசிப்பருப்பிலும் தயமின் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி

பெரிபெரி ஏதோ ஆஸ்திரேலியக் கதை என்று நினைத்துவிடக்கூடாது. அரிசி தின்னும் ஆசியா முழுவதையும் ஆட்டி வைத்த நோய் அது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசியையே தின்னும் கோழிகளுக்கு அந்த மாதிரி நோய் வருகிறது, தவிட்டோடு தின்றால் தீருகிறது என்பதை 1890களில் ஜாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் கண்டார். 1929ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நீலகிரி மாவட்டக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஒரு அறையில், 1918ல் ராபர்ட் மெக்கரிசன் ஒரு ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். அதன் பெயரே பெரிபெரி விசாரணைப் பிரிவு. அதுதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கவனிக்கப்பட்ட ஒரு விஷயம் நமக்குப் பெருமையானது. சென்னை மாகாணத்தின் வட பகுதியில், தீட்டிய பச்சரிசி தின்னும் ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி தின்னும் தமிழ் மாவட்டங்களில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் பிறகு குத்தும்போது, தவிட்டுப் பக்கம் இருக்கும் தயமின் ஊறும் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனால் செய்முறை தெரியும். அந்தச் செய்முறை எத்தனையோ பேரின் கால்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

இது எப்படி ஒர்க்‌ஷாப் பாடம்?

நாம் ஸ்மித்தி ஷாப்பில் ஒரு உளி செய்கிறோம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறோம். உளி நல்ல கடினமாகிவிடும். அப்படியே எடுத்துப்போய் சுத்தியலால் அடித்தால் என்ன ஆகும்? முனை தெறித்துக் கண்ணுக்கு வரும். முக்கிய பிறகு லேசான சூட்டில் டெம்பரிங் செய்யவேண்டும். அந்த ஒரு படியை விட்டால், அதே எஃகு, அதே உலை, அதே கை, ஆனால் உளி ஆபத்தான பொருளாகிவிடுகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு டெம்பரிங் வீண்வேலை மாதிரிதான் தெரியும். 'ஏற்கெனவே காய்ச்சியாச்சே, மறுபடி எதுக்குச் சூடு?' என்று கேட்பார். நார்டூவை வறுக்காமல் இடித்தவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பாரம்பரிய அறிவு என்று மேடையில் பேசும்போது நாம் பெரும்பாலும் பொருளின் பெயரை மட்டும் சொல்கிறோம். 'ஆரைக்கீரை நல்லது', 'முடவாட்டுக்கால் நல்லது' என்று பட்டியல் போடுகிறோம். பெயர் மட்டும் தெரிவது அறிவில் கால் பங்குதான். எங்கே பறிப்பது, எந்தப் பாகம், எவ்வளவு நேரம் வேகவேண்டும், எதோடு சேர்ப்பது, யாருக்குக் கூடாது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதுதான் மீதி முக்கால் பங்கு. பாட்டி போனால் முதலில் போவது அந்த முக்கால் பங்குதான். பெயர் மட்டும் மிஞ்சும். பெயரை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் பொடி செய்து பாக்கெட்டில் அடைத்து விற்கலாம். கேட்பார் இருக்காது.

இன்னொரு பக்கம் செடியும் குறைகிறது. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத கண்மாயில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். முள்ளுக்குள் யார் போய்க் கீரை பறிப்பது? வயலில் களைக்கொல்லி அடித்தால் அங்கேயும் ஆரை கருகிவிடும். நெல் விவசாயிக்கு அது களைதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு ஆறுதல் உண்டு. சேற்றுக்குள் அந்தக் கெட்டிக் காய்கள் கிடக்கின்றன. கண்மாயைத் தூர்வாரித் தண்ணீர் நிறுத்தினால் செடி திரும்ப வந்துவிடும். அதற்கு அவ்வளவு பொறுமை உண்டு. ஆனால் வேகவைக்கும் விதம் தெரிந்தவர்களை அப்படிக் காயில் பூட்டிவைக்க முடியாதே!

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, நம் கல்லூரியில் கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், கரிசலிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், தேரிக்காட்டிலிருந்தும் தாமிரபரணிக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கீரை, ஒரு கிழங்கு, ஒரு மீன், ஒரு பனைப் பொருள் உண்டு. அதைப் பக்குவம் செய்யத் தெரிந்த ஒரு அப்பத்தாவோ ஆச்சியோ பெரியம்மாவோ உண்டு. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 'இது எதுக்கு நல்லது?' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து செய்வதைப் பாருங்கள். பிராக்டிகல் நோட்டில் எழுதுவது போலவே எழுதுங்கள்: தேவையான பொருள், கருவி, செய்முறை வரிசை, நேரம், எச்சரிக்கை. 'பத்து நிமிஷம் வேகட்டும்' என்று சொன்னால் கையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 'ஒரு கை' என்று சொன்னால் தராசில் போட்டு எத்தனை கிராம் என்று குறியுங்கள். அவர்கள் 'கூடாது' என்று சொல்லும் எதையும் விட்டுவிடாதீர்கள். அது மூடநம்பிக்கையா, காரணம் உள்ளதா என்று பிறகு சோதித்துப் பார்க்கலாம். எழுதி வைக்காததைச் சோதிக்க முடியாது.

அளப்பதும் வரிசைப்படுத்துவதும் நாம் மூன்று வருடம் படிக்கிற படிப்பு. வெர்னியர் பிடித்த கைக்கு ஒரு கரண்டியை அளப்பது பெரிய காரியமில்லை. நான் ஆரைக்கீரைக்கு ஆறு வரி எழுதிவிட்டேன். உங்கள் ஊர்ப் பொருளுக்கு அடுத்த ஆண்டு மலரில் நீங்கள் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.